கருவாடு சுற்றி வந்த பக்கம்

இது நடந்தது 1994இல், தேர்தலும் மழையும் ஒன்றாக வந்த மாதங்களில். இலங்கையில், கரவனெல்லையிலிருந்து பஸ் ஏறி, இறங்கிய பிறகும் ஒரு மேட்டை நடந்து ஏற வேண்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. அங்கே நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வயது முப்பது. வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், தனியாக இருந்தேன்.

ஏன் தனியாக என்று கேட்பீர்கள். அங்கேயும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமான சில மாதங்களில் அப்பா, அம்மா, தங்கைகள், தம்பி எல்லோரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். மண்டபம் முகாமில் இறங்கினார்கள் என்ற செய்தி, கூடப் போன யாரோ தன் சொந்தக்காரருக்கு எழுதியதில் ஒரு வரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் இங்கே நின்றுவிட்டேன். என் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அப்பா போனதுதான் எனக்கு ஆறவில்லை. நான் விரும்பிக் கட்டிக்கொண்டவள். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. கல்யாணத்துக்கு வந்தார், கை நனைக்காமல் போனார். கொஞ்ச நாளில் பாஸ்போர்ட் வந்துவிட்டது, போகிறோம் என்று ஆள் அனுப்பினார். செய்தி கிடைத்து நான் அவர்கள் இருந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் காம்பரா கழுவி விட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"மக இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. மானம் போச்சுன்னு மனுசன் நாட்ட விட்டே போயிட்டாரு."

நானும் அதைத்தான் நம்பினேன். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் இந்தியாவுக்குப் போனார்கள். போவதும் இருப்பதும் அவரவர் இஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். இஷ்டப்பட்டு என்னை விட்டுவிட்டுப் போன அப்பா என்று பதினோரு வருடம் அவர்மேல் கோபத்தோடு எழுந்து, கோபத்தோடு படுத்தேன்.

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய பால் சிரட்டையில் விழாது, மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போகும். விடிய எழுந்து, ஆள் எண்ணி வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்குப் போவோம். கங்காணி வானத்தைப் பார்ப்பார், நாங்கள் கங்காணியைப் பார்ப்போம், பிறகு எல்லோரும் திரும்பி வருவோம். அன்றைக்குப் பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. மற்றவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள், சண்டை, சிரிப்பு என்று ஏதாவது இருக்கும். எனக்குப் பக்கத்துக் காம்பராவின் ரேடியோ இருந்தது. அவர்கள் அதை நிறுத்தினால் எனக்கு அதுவும் இல்லை.

அப்படி ஒரு மழை நாளில் சந்திக் கடையில் வாங்கி வந்த கருவாட்டைப் பிரித்தேன். எங்கள் பக்கத்தில் சாமான் கட்டி வருவது சிங்களப் பத்திரிகைத் தாளில்தான். தமிழ் அச்சைப் பார்ப்பதென்றால் கோயில் நோட்டீசும் தேர்தல் போஸ்டரும்தான். இது தமிழ்ப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வேறு வேலை இல்லாததால் வாசித்தேன்.

எங்களைப் பற்றி எழுதியிருந்தது. தோட்டத்து ஆட்களில் இவ்வளவு பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, இவ்வளவு பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடித்ததைப் பற்றி. அதாவது ஆட்டைப் பங்கு போடுகிற மாதிரி. ஆடுகளை யாரும் கேட்கவில்லை என்றும் ஏறக்குறைய அதே அர்த்தத்தில் எழுதியிருந்தது. பிறகு ஒவ்வொரு குடும்பமும் எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள் என்றும், கொடுத்த பிறகு என்ன நடந்தது என்றால் என்றும் ஆரம்பித்து, அதோடு தாள் முடிந்துவிட்டது.

திருப்பினேன். பின்பக்கம் அதற்கு முந்திய பக்கம். அடுத்தது இல்லை.

கருவாட்டைப் பூனை இழுத்துப் போனதை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் வெயில் வந்தது. பால் நிறுத்துக் கொடுத்ததும் வாளியைக்கூடக் கழுவாமல் சந்திக்கு இறங்கினேன். கடை முதலாளி சிங்களவர். தோட்டத்து வியாபாரத்தால் தமிழ் பேசப் பழகியவர். வாய்க்கொழுப்பு அதிகம், ஆனால் தராசு சரியாக இருக்கும். தாளைக் காட்டி, இந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார். பழைய பேப்பர்காரர் எந்த வீட்டிலோ வாங்கி வந்தது.

மூன்று புத்தகங்கள். ஒன்றுக்கு அட்டையும் முன்பக்கங்களும் நடுவில் கொஞ்சமும் போயிருந்தன. அதுதான் என் புத்தகம், எங்கள் ஆட்களின் அரசியல் சரித்திரம். இன்னொன்று கணக்கைப் பற்றியது. பள்ளிக்கூடப் புத்தகம் இல்லை, மனுஷர் எண்ணப் பழகியது எப்படி, வகுக்கப் பழகியது எப்படி என்று சாவகாசமாகச் சொல்லும் புத்தகம். மூன்றாவது விளையாட்டைப் பற்றியது. எந்த ஊரில் என்ன விளையாடுகிறார்கள், பெரியவர்கள் ஏன் விளையாடுவதை விட்டுவிடுகிறார்கள் என்றெல்லாம் படங்களோடு இருந்தது.

"இத எனக்குக் குடுங்க முதலாளி."

"எதுக்கு?"

"வாசிக்க."

என்னை அவர் நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கடையில் நின்ற இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தார். "வாசிக்க? யாருக்கு வாசிச்சுக் காட்டப் போற நங்கி? ரப்பர் மரத்துக்கா?"

"மரம் ஒங்கள மாதிரி குறுக்க பேசாது. குடுங்க."

"குடுத்தா நான் கருவாட்ட எதுல சுத்துறது? இது நல்ல பேப்பர். தண்ணி ஊறாது. சம்பள நாளைக்கு பை வேணும். பாரு, நோனா ஒட்டுறது."

கடைக்குப் பின்னால் அவருடைய மனைவி பாயில் உட்கார்ந்து கோதுமை மாவுப் பசையில் பை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைத் தாளில் மிளகாய்த் தூள் பை, இரண்டு தாளைச் சேர்த்தால் சீனிப் பை. தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முதலாளி கடைசியில் ஒரு வழி சொன்னார். மூன்று புத்தகத்தையும் தராசில் வைத்தார். இதே நிறைக்குப் பேப்பர் கொண்டு வா, எந்தப் பேப்பர் என்றாலும் சரி, சம்பள நாளுக்குள் கொண்டு வந்தால் எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் பை.

கேட்பதற்கு லேசாக இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பேப்பருக்கு எங்கே போவது? பத்திரிகை வருவதில்லை. பிள்ளைகள் எழுதி முடித்த பழைய கொப்பிகளில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆபீஸ் கடதாசியைக் கணக்கப்பிள்ளை தானே நின்று எரிப்பார். நான் வீடு வீடாகக் கேட்டேன். "பேப்பரா? எதுக்கு?" என்றார்கள். புத்தகத்துக்கு என்றேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இப்படித்தான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அன்றைக்கும் மழை. வாசலில் உட்கார்ந்து எதிர் லயத்துச் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுவதும் பேப்பர். தேர்தல் போஸ்டர். ஒருவர் முகத்துக்கு மேல் இன்னொருவர் முகம், அதற்கு மேல் முதலாமவர் மறுபடி. தேயிலைத் தோட்டம் மாதிரிக் கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்களுக்கு இல்லை, ஆனால் பால் ஸ்டோர் சுவர், பெரட்டுக் களம், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு என்று ஓர் இடம் விடவில்லை. எங்கள் கூரைத் தகரம் ஒழுகுவதைப் பார்க்க வராதவர்கள் எல்லோரும் சுவருக்கு வந்திருந்தார்கள்.

மழையில் நனைந்த போஸ்டர், முற்றிய பட்டை மாதிரிக் கழன்று வரும். நகத்தால் ஓரத்தைத் தூக்கி இழுத்தால் நாலைந்து சேர்ந்து தடிப்பாக வரும். பால் வெட்டுகிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. நிறையைத்தான் பார்த்தேன். கொண்டு வந்து, காம்பராவில் குறுக்கே கயிறு கட்டி, புகை போடும் அறையில் ரப்பர் சீட் தொங்கவிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, அடியில் அடுப்பை மூட்டினேன். ஈரத்தோடு கொண்டுபோனால் தண்ணீரை நிறுத்துத் தருகிறாள் என்று முதலாளி சொல்வார்.

மறுநாள் பின்னேரம் தோட்டத் தலைவர் வந்தார். தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் தலைவர். கூட நாலு பேர். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தேர்தலில் நின்ற அவருடைய பெரிய தலைவர் கயிற்றில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார், தாடையில் புகை படிந்து.

"என்னாம்மா இது? யாரு சொல்லி கிழிச்ச?"

"யாரும் சொல்லல. பேப்பர் வேணும், கிழிச்சேன்."

"பேப்பரா? தலைவர் மொகம் ஒனக்குப் பேப்பரா?"

"மொகம் முன்னுக்குத்தான் இருக்கு. பின்னுக்கு வெறும் பேப்பர்தான், தலைவரே."

கூட வந்த ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். தலைவர் அவனை முறைத்தார்.

"மத்தவன் எவ்வளவு குடுத்தான் ஒனக்கு?"

"அவன் மொகத்தயும் சேத்துத்தான் கிழிச்சிருக்கேன். அந்தா, வெளக்குமாறுக்கு மேல தொங்குறான் பாருங்க."

"வாய் நீளுது ஒனக்கு. நாளைக்கு ஒனக்கு ஒன்னுன்னா சங்கம் வராது, சொல்லிட்டேன்."

"எங்க வீட்டுக்காரரு போனப்ப வந்துச்சா? கூரை பறந்தப்ப வந்துச்சா? வராத சங்கம் வராட்டி எனக்கென்ன."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கலாம். நான் இன்றைக்கும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அதோடு முடிந்தது. தன் பக்கத்து முகங்களையெல்லாம் கயிற்றிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவன் முகம் மட்டும் மிஞ்சியது. அது பாதி நிறைகூட வராது. விடிந்ததும் அந்த மற்றவன் ஆட்கள் என் வாசலுக்கு வந்து, "அக்கா, நம்ம பக்கம்னு கேள்விப்பட்டோம்" என்று பல்லைக் காட்டினார்கள். உங்கள் ஆளையும் கிழித்துத்தான் வைத்திருக்கிறேன் என்று உள்ளே காட்டினேன். அவர்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து என்னோடு யாரும் பேசவில்லை. பெரட்டில் என் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கும். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும், நான் குடத்தைத் தூக்கியதும் ஆரம்பிக்கும். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே குறைத்தார்களா என்று தெரியாது. அந்த வாரம் என் குரலை நானே கேட்டது, பூனையைத் திட்டும்போதுதான்.

சம்பள நாள் வந்தது. இருந்ததைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பெரும் கூட்டம். முதலாளி வேர்த்துக்கொண்டே என் கட்டைத் தராசில் வைத்தார். தட்டு பாதியில் நின்றது.

"பத்தாது நங்கி."

"தெரியும். அட்டை இல்லாத புத்தகத்த மட்டும் குடுங்க. மத்தத பிறகு பாத்துக்கலாம்."

எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, இளைத்துப் போயிருந்தது. என்னிடம் இருந்த தாளின் எண்ணைத் தேடிப் போனேன். அதற்கு அடுத்ததிலிருந்து ஒரு கைப்பிடி இல்லை. "நீ கொண்டாரமாட்டேன்னு நெனச்சேன், அது நேத்தே பை ஆயிட்டது" என்றார் முதலாளி. கடைசியில் பொருளடக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பார்த்தேன். விண்ணப்பமும் பயணமும் என்று ஓர் அத்தியாயம். போனவர்கள் குடியேறிய இடங்கள் என்று அதற்கு அடுத்தது. இரண்டும் இல்லை.

மேசைக்கு மேலே கயிற்றில் கோத்துப் பைகள் தொங்கின. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். முதலாளி என் கையைத் தட்டிவிட்டார். நான் மறுபடி பிடித்தேன். அழுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் முகம் நனைந்திருப்பது தெரிந்தது.

பாயிலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம்.

"என்ன தேடுற நங்கி?"

"எங்க அப்பாவ."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கயிற்றிலிருந்த பைகளையெல்லாம் உருவி மடியில் போட்டுக்கொண்டு, "உள்ளுக்கு வா" என்றார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க யாவாரத்தப் பாருங்க" என்று மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

பாயில் உட்கார்ந்து இரண்டு பேரும் பிரித்தோம். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும். நான் சொன்ன எண்ணை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு சீனிப் பையின் உள்பக்கத்தில் இருந்தது. பசை காய்ந்து இறுகியிருந்ததால் பிரித்தால் எழுத்தோடு கிழியும். அவர் அடுப்பில் கொதித்த தேத்தண்ணிக் கேத்தலின் மூக்கில் வருகிற ஆவியில் பையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒட்டு மெல்ல விட்டுக்கொடுத்தது. ஒட்டத் தெரிந்த கைக்கு அவிழ்க்கவும் தெரிகிறது.

ஈரத் தாளை முழங்காலில் விரித்து வாசித்தேன். விண்ணப்பம் கொடுத்த பிறகு மாற்ற வழியில்லை. இந்தியா என்று எழுதிக் கொடுத்த குடும்பத்துக்கு எப்போது முறை வருகிறதோ அப்போதுதான் பாஸ்போர்ட் வரும். பல பேருக்கு அது பல வருடம் கழித்து, பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் கட்டிய பிறகு வந்தது. வந்துவிட்டால் குறித்த காலத்துக்குள் கப்பல் ஏற வேண்டும். ஏறாதவர்களைத் தேடிப் பிடித்து ஏற்றினார்கள். கல்யாணம் கட்டிய மகள் புருஷனின் கணக்கில் சேர்வாள். இப்படிப் பல குடும்பங்கள் இரண்டாக உடைந்தன.

விண்ணப்பம் வாங்கிய வருடங்களும் அதில் இருந்தன. அந்த வருடங்களில் நான் நாலைந்து வயதுப் பிள்ளை. கல்யாணமாவது, விருப்பமாவது. அப்பா என்மேல் கோபப்படுவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே, எதைப் பார்த்தோ, யார் சொல்லியோ ஒரு விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். அது நான் கல்யாணம் கட்டிய நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. அவர் இஷ்டப்பட்டுப் போகவில்லை. சாப்பிடாமல் போனது கோபம்தான். நாட்டை விட்டுப் போனது கோபம் இல்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று அந்த அக்கா கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். பசைக் கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப அவர் ஒன்ன விட்டுட்டுப் போகலயே நங்கி."

"இல்ல."

"இத எங்களுக்கும் யாரும் சொன்னதில்ல. பஸ்ஸ நெறச்சுப் போவாங்க, பாத்திருக்கேன். ஊருக்குத் திரும்பிப் போறாங்கன்னு சொன்னாங்க."

எந்த ஊருக்கு என்று அவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்.

அடுத்த அத்தியாயத்தின் தாள்கள் அந்தப் பைகளில் இல்லை. காலையிலிருந்து ஆட்கள் வாங்கிப் போனதில் போய்விட்டன. நான் எழுந்தபோது அவர் மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து விளையாட்டுப் புத்தகத்தை எடுத்தார். படத்துக்காக ஒளித்து வைத்திருந்தாராம், கிழிக்க மனம் வரவில்லையாம். மூன்றையும் என் கையில் வைத்து, பத்தாத நிறைக்குப் பின்னேரங்களில் வந்து பை ஒட்டு என்றார். முதலாளி வெளியிலிருந்து, "அப்ப கடைய ஒங்க ரெண்டு பேருக்கும் எழுதி வைக்கவா?" என்றார்.

அங்கிருந்து நேராக லயங்களுக்குப் போனேன். போனவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அதில் இருக்கும் என்று சொல்லி, சம்பள நாள் சாமான் கட்டி வந்த பைகளைக் கேட்டேன். இரண்டு வீட்டில் கதவை என் முகத்தில் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்குள்ளேயே காட்டினார்கள். மற்ற இடங்களில் இல்லை என்றார்கள். உண்மையா பொய்யா, எனக்குத் தெரியாது. போஸ்டரைக் கிழிக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. கிழிக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு தாளும் கிடைத்திருக்காது.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் தலைவர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு மிளகாய்த் தூள் பையை எடுத்து நீட்டினார்.

"இந்தா. இதத்தான கேட்டுட்டுப் போனியாம்."

வாங்கினேன். பொருளடக்கத்தில் பார்த்த அந்த அத்தியாயம் இல்லை, வேறு ஏதோ பழைய வேலை நிறுத்தத்தைப் பற்றிய தாள். நான் மடித்துக்கொண்டிருந்தபோது அவர் போகாமல் நின்றார்.

"போனவங்க எந்தெந்த ஊருல இருக்காங்கன்னு அதுல இருக்காமே?"

"இதுல இல்ல. அது வேற தாளு. கெடைக்கல."

"எங்க அண்ணன் போனாரு. நீலகிரின்னும் சொன்னாங்க, ஏதோ மில்லுன்னும் சொன்னாங்க." கொஞ்ச நேரம் ஸ்டோர் சுவரையே பார்த்தார். அங்கே நான் கிழித்த இடத்தில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். "கெடைச்சா எனக்கும் வாசிச்சுச் சொல்லு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அதுக்காக மறுபடி அதுல கைய வச்சே, ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்துக்குத் தலைவர், அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியது. குறையவில்லை, எங்களைப் பங்கு போட்டவர்கள் பக்கம் இடம்தான் மாறியது.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் தமிழ்ப் புத்தகத்தை, அதுவும் அரசியல் புத்தகத்தை, வீட்டில் வைத்திருப்பது நல்லதில்லை. பொலிஸ் சோதனைக்கு வந்தால் அது என்ன புத்தகம் என்று விளக்கம் சொல்ல நேரம் தரமாட்டார்கள். அதனால் சரித்திரத்தை விறகுக்கு அடியில் வைத்தேன். கணக்குப் புத்தகத்தைப் பகலில் வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்காததை விளங்கிய மாதிரி எழுத எனக்கு வராது. வகுத்தலைப் பற்றிய இடம் விளங்கியது. எதையும் பங்கு போட்டால் சில நேரம் பங்குக்குள் வராமல் மீதி வரும், அந்த மீதியை என்ன செய்வது என்று மனுஷர் நெடுங்காலம் யோசித்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. எங்களைப் பங்கு போட்டவர்கள் அவ்வளவு யோசித்த மாதிரித் தெரியவில்லை.

பின்னேரங்களில் கடைக்குப் போய்ப் பை ஒட்டினேன். கடன் தீர்ந்த பிறகும் போனேன். விளையாட்டுப் புத்தகத்தை நான் தமிழில் வாசித்துச் சிங்களத்தில் சொல்வேன், அந்த அக்கா, "இது எங்க ஊர்லயும் இருக்கு, ஆனா இப்படி இல்ல" என்று சண்டைக்கு வருவார். ரப்பர் கொட்டையைப் பொறுக்கி வந்து பாயிலேயே கல் விளையாடிப் பார்ப்போம். அவர் கை பசையில் ஒட்டும், கொட்டை விழாது, அதை நான் களவு என்பேன். முதலாளி எட்டிப் பார்த்து, "ரெண்டு கெழவிக்கும் பால்குடி வயசு திரும்பிட்டது" என்பார். அக்காவின் மகன் வடக்கில் பட்டாளத்தில் இருந்தான். கடிதம் வராத வாரங்களில் அவர் தேவைக்கு அதிகமாகப் பசை கிண்டுவார். நான் கேட்பதில்லை. அன்றைக்கு விளையாட்டை ஆரம்பிப்பது நானாக இருக்கும்.

சில வருடத்தில் பொலித்தீன் பை வந்துவிட்டது. யாரும் பை ஒட்டுவதில்லை. நான் அதற்குப் பிறகும் போனேன், ஆனால் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது.

இப்போது பால் வெட்டுவதை விட்டுவிட்டேன். அதே காம்பராதான், அதே கடைசிதான். மூன்று புத்தகமும் இருக்கின்றன, விறகுக்கு அடியில் இல்லை, அலமாரியில். சரித்திரப் புத்தகத்தின் நடுவில் ஆவியில் அவிழ்த்த தாளையும் தலைவர் தந்த தாளையும் செருகி வைத்திருக்கிறேன். தலைவர் இப்போது இல்லை. அவருக்கு நான் கடைசிவரை ஒன்றும் வாசித்துச் சொல்லவில்லை.

அப்பா என்னால் போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போனார் என்பது ஒரு சம்பள நாளில் யாரோ ஒருவர் வீட்டுச் சீனியோடு போய்விட்டதால், இன்றைக்கும் எந்தக் கடையில் எதைக் கடதாசியில் கட்டிக் கொடுத்தாலும் பிரித்து, இரண்டு பக்கமும் வாசித்துப் பார்க்காமல் நான் அடுப்பில் போடுவதில்லை.